நண்பர் வீட்டில் கை நீட்டுகிறாரோ என்ற சந்தேகம் வந்தால்: வாசகர் கேள்வி பதில்

வீட்டில் அடியும் வசையும் வாங்குகிறவர்களே முன்பெல்லாம் இந்தப் பகுதிக்கு எழுதுவார்கள். அண்மைக் காலமாக மற்றொரு வகைக் கடிதமும் வருகிறது. அடிக்கிறவரின் நண்பர், அக்கா, தாய், அடுத்த வீட்டுக்காரர் ஆகியோர் எழுதி, தாங்கள் என்ன செய்யலாம் என்று கேட்கிறார்கள். அத்தகைய ஐந்து கடிதங்களை, அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கி, இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஐந்திலும் துன்புறுத்துகிறவர் ஆணாகவே இருக்கிறார். உலகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பெண் தன் வாழ்நாளில் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் கணக்கிட்டது; அந்த வன்முறையின் பெரும்பகுதி கணவராலோ துணைவராலோ நிகழ்வது. ஆண்களும் வீட்டில் துன்புறுத்தப்படுவது உண்டு, அவர்களும் எனக்கு எழுதுகிறார்கள். இங்கே சொல்லும் எச்சரிக்கைகள் அவர்களுக்காகப் பேச விரும்புகிறவர்களுக்கும் பொருந்தும்.

கேள்வி: நானும் என் நண்பனும் கல்லூரியிலிருந்து இருபது ஆண்டுகளாகப் பழகுகிறோம். சென்ற மாதம் அவன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவன் மனைவியின் கையிலிருந்து ஒரு கண்ணாடித் தம்ளர் நழுவி உடைந்தது. ஒருவரும் பேசவில்லை. ஆறு வயது மகள் நாற்காலியிலிருந்து இறங்கி, தந்தையின் முகத்தைப் பார்த்தபடியே துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினாள். அவன் மனைவி மூன்று முறை மன்னிப்புக் கேட்டார். அவனோ என்னைப் பார்த்துச் சிரித்து, "பார்த்தாயா, இப்படி ஒருத்தியோடுதான் குடும்பம் நடத்துகிறேன்" என்றான். அவன் அடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் எங்கே சென்றாலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஃபோன் செய்கிறான். அவருடைய சம்பளப் பணமும் இவன் கையில்தான் இருக்கிறது. நான் அவனிடம் கேட்கலாமா? நான் நினைப்பது தவறாக இருந்தால் இருபது ஆண்டு நட்பு போய்விடுமே?

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்தக் குழந்தை. ஒரு தம்ளர் உடைந்தால் சாதாரணமாக ஒரு வீட்டில் என்ன நடக்கும்? யாராவது "ஐயோ, கால் பத்திரம்" என்பார்கள், ஒருவர் துடைப்பம் எடுக்கப் போவார், குழந்தையைத் தூக்கி அப்பால் உட்கார வைப்பார்கள். இங்கே குழந்தைதான் பொறுக்குகிறது, அதுவும் கீழே பார்க்காமல் தந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு. கண்ணாடி குத்தும் என்ற பயத்தைவிடப் பெரிய பயம் ஒன்று அதற்குப் பழகியிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அடியை நீங்கள் பார்க்கவில்லை என்பது உண்மை, பார்த்ததும் குறைவானதன்று. ஒருவர்மீது குற்றம் சாட்ட அது போதாது. எச்சரிக்கையுடன் கவனிக்கத் தொடங்க அது தாராளமாகப் போதும்.

அமெரிக்காவின் டுலூத் நகரில் 1984-இல், துன்புறுத்தப்பட்ட பெண்கள் குழுவாக அமர்ந்து சொன்ன அனுபவங்களைக் கொண்டு சக்கர வடிவில் ஒரு படம் வரையப்பட்டது. அடி, உதை, பாலியல் வன்முறை ஆகியவை அந்தச் சக்கரத்தின் வெளிவளையத்தில் இருக்கின்றன. மிரட்டல், அவமானப்படுத்துதல், உறவுகளிடமிருந்து பிரித்தல், பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுதல், குழந்தைகளைப் பயன்படுத்துதல் முதலிய எட்டும் ஆரங்களாக உள்ளே இருக்கின்றன. அச்சில் இருப்பவை அதிகாரமும் கட்டுப்பாடும். ஓயாத ஃபோன், சம்பளப் பணம், விருந்தாளி முன்னால் சிரித்துக்கொண்டே சொன்ன அந்த வாக்கியம் என நீங்கள் எழுதியவற்றில் மூன்று ஆரங்களாவது தெரிகின்றன. வெளிவளையம் உங்கள் கண்ணில் படவில்லை என்பதனால் அது இல்லை என்றும் ஆகாது, இருக்கிறது என்றும் ஆகாது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நண்பரிடம் பேசுவதற்கு முன் உங்களை நீங்களே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: நான் பேசிவிட்டு என் வீட்டுக்குப் போன பிறகு, இன்று இரவு அவருடன் ஒரே கூரையின் கீழ் இருக்கப்போவது யார்? நீங்கள் எவ்வளவு பக்குவமாகப் பேசினாலும், "இவள்தான் போய்ச் சொல்லியிருக்கிறாள்" என்பதே அவர் மனத்தில் முதலில் ஓடக்கூடிய எண்ணம், அதற்கான விலையைக் கொடுக்கப்போகிறவர் நீங்கள் அல்லர். ஆகவே, வாய்ப்பு அமைந்தால் அவருடைய மனைவியிடம் முதலில் பேசுவதே நல்லது. அவரிடம் நெருக்கமாகப் பழகும் ஒரு பெண் பேசினால் இன்னும் நல்லது. வாட்ஸ்அப்பில் ஒரு சொல்கூட எழுத வேண்டாம், அந்த ஃபோனைப் பார்க்கிறவர் அவர் ஒருவர் மட்டும் என்று நம்மால் சொல்ல முடியாது. நேரில், தனியாக இருக்கும்போது, "அன்றைக்கு உங்களைப் பார்த்ததிலிருந்து எனக்குக் கவலையாக இருக்கிறது, வீட்டில் நீங்கள் பயமில்லாமல் இருக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அவர் மழுப்பினால் தோண்டித் துருவாதீர்கள், "எப்போது வேண்டுமானாலும் என்னிடம் சொல்லலாம்" என்று கதவைத் திறந்து வைத்துவிட்டு விலகுங்கள். "அவரிடம் எதுவும் கேட்டுவிடாதீர்கள்" என்று அவர் சொன்னால், அந்தச் சொல்லுக்குக் கட்டுப்படுங்கள். அவருடைய கணவரின் முகக்குறிகளை ஆண்டுக்கணக்கில் படித்தவர் அவர், எது எப்போது வெடிக்கும் என்ற கணக்கு நம் எல்லோரையும்விட அவருக்குத்தான் தெரியும்.

அவர் தடை சொல்லாத நிலையில் நண்பரிடம் பேசுவதாக முடிவு செய்தால், பகலில், அவர் குடிக்காமல் நிதானமாக இருக்கும் நேரத்தில், அவர் வீட்டுக்கு வெளியே, உங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லாத இடத்தில் பேசுங்கள். நாலு பேர் முன்னால் ஏற்பட்ட தலைகுனிவுக்கு வீட்டில் கணக்குத் தீர்க்கும் மனிதர்கள் இருக்கிறார்கள். நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். அவருடைய மனைவி சொன்ன ஒன்றைக்கூட ஜாடையாகவும் சொல்லிவிடக் கூடாது. "தம்ளர் உடைந்தபோது உன் மகள் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே பொறுக்கினாள். அவள் உன்னைக் கண்டு பயப்படுகிறாள் என்று எனக்குப் பட்டது. என் முன்னால் உன் மனைவியைப் பற்றி நீ பேசிய விதமும் எனக்குப் பிடிக்கவில்லை." இவ்வளவே போதும். அவரை அரக்கன் என்று அழைக்கவோ, நீதிபதிபோல் விசாரிக்கவோ வேண்டியதில்லை.

அவர் என்ன பதில் சொல்லக்கூடும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். முதலில் அப்படி ஒன்றும் இல்லை என்று மறுப்பார், அடுத்து "என் குடும்ப விஷயத்தில் தலையிட நீ யார்?" என்று உங்கள்மேல் பாய்வார், இறுதியில் "உண்மையில் கஷ்டப்படுவது நான்தான்" என்று தானே பாதிக்கப்பட்டவர் ஆகிவிடுவார். இந்த மூன்று படிகளையும் ஜெனிஃபர் ஃப்ரைட் என்ற உளவியலாளர் 1997-இல் ஒரே பெயரில் தொகுத்துச் சொன்னார். மூன்றாவது படியில்தான் நண்பர்கள் வழுக்குகிறார்கள். "பாவம், உனக்கும் எவ்வளவு டென்ஷன்" என்று நீங்கள் ஆறுதலாகச் சொல்லும் ஒரு வாக்கியம், அன்றிரவே "உன்னைப் பற்றி அவனும் அதைத்தான் சொன்னான்" என்று அவர் மனைவியின் காதில் போய் விழும். வாதாட வேண்டாம், தலையாட்டவும் வேண்டாம். "நீ சொல்வதைக் கேட்டுக்கொண்டேன். நான் பார்த்தது எனக்குச் சரியாகப் படவில்லை" என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

கோபம் இருக்கும் இடத்தில்தான் குணம் இருக்கும் என்று நம்மில் ஒரு சொல் வழங்குகிறது. இந்த விஷயத்தில் அது செய்திருக்கும் கெடுதல் கொஞ்சநஞ்சம் இல்லை. உங்கள் நண்பர் தம் மேலதிகாரியிடம் கோபத்தைக் காட்டியதுண்டா என்று யோசித்துப் பாருங்கள். யாரிடம் அடங்க வேண்டும், யாரிடம் அடங்கத் தேவையில்லை என்று அறிந்து வரும் கோபத்துக்குக் கட்டுக்கடங்காத கோபம் என்று பெயர் வைக்க முடியாது.

நட்பை முறித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் விலகினால் அந்த வீட்டுக்குள் நுழையக்கூடிய வெளியாள் ஒருவர் குறைகிறார். நீங்கள் நினைத்தது தவறு என்று தெரியவந்தால் இழப்பு பெரிதன்று, ஒரு சங்கடமான மாலையோடு அது முடிந்துவிடும்.

கேள்வி: என் தம்பி சென்ற வாரம் நள்ளிரவில் ஃபோன் செய்து அழுதான். மனைவியிடம் கை நீண்டுவிட்டது என்றும், கழுத்தைப் பிடித்துவிட்டேன் என்றும், அவள் குழந்தையுடன் வீட்டைவிட்டுப் போய்விட்டாள் என்றும் சொன்னான். "அக்கா, நீ கூப்பிட்டால் அவள் வருவாள், வராவிட்டால் நான் உயிரோடு இருக்க மாட்டேன்" என்கிறான். அவள் எங்கே இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். எங்கள் அம்மா, "குடும்பம் என்றால் ஆயிரம் இருக்கும், இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினால் சரியாகிவிடும்" என்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: உங்கள் கடிதத்தில் மிக அபாயமான சொல், கழுத்து. அதை நீங்கள் மற்றச் செய்திகளோடு ஒன்றாகச் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். நான் அதைத் தனியே எடுத்து வைக்கிறேன். துணைவர் ஒருமுறை கழுத்தை நெரித்திருந்தால், அந்தப் பெண் பின்னர் அவர் கையாலேயே கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் கூடுகிறது என்று 2008-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று கண்டது. வெளியே ஒரு தடமும் தெரியாமல் உள்ளே இரத்தக் குழாய் கிழிந்திருக்கலாம், சில நாள் கழித்துப் பக்கவாதம்கூட வரலாம். ஆகவே உங்கள் தம்பி மனைவியிடம் நீங்கள் பேசும்போது, திரும்பி வருவாயா என்று கேட்காதீர்கள். குரல் கரகரக்கிறதா, விழுங்கச் சிரமமாக இருக்கிறதா, கண்ணில் சிவப்புப் புள்ளிகள் உண்டா, நினைவு தப்பியதா என்று கேளுங்கள். பதில் எதுவானாலும் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். என்ன நடந்தது என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லவும் சொல்லுங்கள்.

அவர் இருக்கும் இடத்தைத் தம்பியிடம் சொல்லாதீர்கள், அம்மாவிடமும் சொல்லாதீர்கள். அம்மா வேண்டுமென்றே காட்டிக்கொடுப்பார் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அழும் மகனின் முன்னால் எந்தத் தாய்க்கும் வாய் நழுவும். நீங்கள் அங்கே போய் வந்தால் உங்கள் ஃபோனில் இருப்பிடப் பகிர்வு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள், குழந்தையின் படத்தைக் குடும்பக் குழுவில் போடாதீர்கள். ஒரு பெண் பிரிந்து செல்லும் காலமும், பிரிந்த உடனான சில வாரங்களும் அவர் உயிருக்கு மிகுந்த ஆபத்தான காலம் என்பது இந்தத் துறையில் பணியாற்றும் எல்லோரும் அறிந்தது. போய்விட்டாளே, இனிப் பயமில்லை என்று நாம் நினைக்கும் நேரம்தான் அது.

உயிரோடு இருக்க மாட்டேன் என்ற சொல்லை அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் அதற்கு மருந்து மருத்துவரிடமும் அவசர உதவியிடமும் இருக்கிறது, மனைவி திரும்பி வருவதில் இல்லை. தம்பியைத் தனியே விடாமல் ஒருவர் உடன் இருக்கட்டும், உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஜாக்குலின் கேம்பெல் என்ற செவிலியர் ஆராய்ச்சியாளர், ஒரு பெண்ணின் உயிருக்கு எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்பதை அளக்க 1980-களில் ஒரு கேள்விப் பட்டியலை உருவாக்கினார். துணைவர் தற்கொலை செய்துகொள்வதாக மிரட்டுகிறாரா என்பதும் அதில் ஒரு கேள்வி. தன்னை மாய்த்துக்கொள்வேன் என்ற மிரட்டல் மற்றவர்மீது திரும்பிய நிகழ்வுகள் பல உள்ளதால்தான் அந்தக் கேள்வி அங்கே இருக்கிறது. இந்த மிரட்டலை உங்கள் தம்பி மனைவிக்கும் தெரிவியுங்கள். அவரை வரவழைப்பதற்காக அதைச் சொல்ல வேண்டாம், அவர் எச்சரிக்கையாக இருப்பதற்காகச் சொல்லுங்கள்.

பஞ்சாயத்துப் பேச்சு வேண்டவே வேண்டாம். கழுத்தைப் பிடித்த கையின் எதிரே உட்கார்ந்துகொண்டு எந்தப் பெண்ணாலும் உண்மை பேச முடியாது. பேசினாலும், பஞ்சாயத்து முடிந்து வீடு திரும்பும் வழியில் அந்த உண்மை அவருக்கு எதிராகத் திரும்பும். தம்பதியர் இருவரையும் சேர்த்து வைத்து நடத்தும் ஆலோசனையும் இந்தக் கட்டத்தில் பொருந்தாது.

தம்பியிடம் பேசும்போது அவர் சொன்ன சொற்களையே பிடித்துக்கொள்ளுங்கள். "கை நீண்டுவிட்டது", "பிடித்துவிட்டேன்" என்பவற்றைக் கவனித்தீர்களா? கையே தானாகப் போய்விட்டு வந்ததுபோல நம் மொழி ஒரு வசதியைச் செய்து தருகிறது. "கை நீளவில்லை, நீ அடித்தாய், பிடித்துவிடவில்லை, நெரித்தாய்" என்று ஒருமுறை திருத்திச் சொல்லுங்கள், பிறகு "நான் உனக்கு அக்காதான், உன்னைக் கைவிட மாட்டேன், உனக்காகத் தூதும் போக மாட்டேன்" என்று சொல்லுங்கள். துன்புறுத்துகிறவர்களின் நடத்தையை மாற்றுவதற்கென்றே மாதக்கணக்கில் நடக்கும் பயிற்சிகள் பல நாடுகளில் உள்ளன. பிரிட்டனில் ரெஸ்பெக்ட் என்ற அமைப்பும் ஆஸ்திரேலியாவில் மென்ஸ் ரெஃபரல் சர்வீஸும் இத்தகையவர்களுக்காகத் தொலைபேசிச் சேவை நடத்துகின்றன. குடும்பத்தினரும் அழைக்கலாம். உங்கள் நாட்டில் அப்படி ஒன்று இல்லையென்றால், குடும்ப வன்முறைக்கான பொது உதவி எண்ணை அழைத்துக் கேளுங்கள். கோபத்தைக் கட்டுப்படுத்தும் வகுப்பும், குடியை நிறுத்துவதும் தேவைப்படலாம், ஆனால் அவை இதற்கு ஈடாகா. பயிற்சிக்குச் செல்கிறவர் எல்லோரும் மாறிவிடுவதும் இல்லை. ஆகையால் அவர் சேர்ந்துவிட்டார் என்பதையே காரணமாகக் காட்டி "இனித் திரும்பி வா" என்று நீங்கள் சொல்லக் கூடாது.

கேள்வி: அடுத்த வீட்டில் இரவு நேரங்களில் அலறல் கேட்கிறது. ஒருமுறை கதவைத் தட்டலாமா என்று எழுந்தேன், என் கணவர் தடுத்துவிட்டார். யார் செய்தது சரி?

பதில்: அந்த இரவில் உங்கள் கணவர் செய்தது சரி. ஆனால் தடுத்ததோடு அவர் தூங்கப் போயிருந்தால் அது சரியன்று. அடி விழும் நேரத்தில் நடுவே போய் நிற்பது உங்களுக்கும் ஆபத்து, அந்தப் பெண்ணுக்கும் ஆபத்து. அலறல் கேட்டால் காவல்துறையின் அவசர எண்ணை அழையுங்கள். அழைத்தவர் யார் என்பதை வெளியிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சத்தம் சட்டென்று நின்றுபோனாலும் அழையுங்கள், நின்றதற்குக் காரணம் சமாதானமாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. என்ன கேட்டது, எத்தனை மணிக்கு என்று தேதியுடன் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள், பின்னால் அவர் நீதிமன்றம் சென்றால் அது அவருக்குப் பயன்படலாம். பகலில் அவர் தனியாக இருக்கும்போது, சுவருக்கு அப்பால் காது இருக்கிறது என்பதை அவருக்குத் தெரியப்படுத்துங்கள். ஜன்னலில் ஒரு துணியை மாட்டினால் அழைக்க வேண்டும் என்பதுபோல ஓர் அடையாளத்தை நீங்கள் இருவரும் பேசி வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: என் மகனுக்குப் பத்தொன்பது வயது. காதலிக்கும் பெண்ணின் இன்ஸ்டாகிராம் கடவுச்சொல் தன்னிடம் இருப்பதைப் பெருமையாகச் சொல்கிறான். அவள் பதில் அனுப்பத் தாமதித்தால் இருபது முறை அழைக்கிறான். வயதுக் கோளாறு என்று விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும், துணையைத் தொடர்ந்து கட்டுப்படுத்தி அச்சத்தில் வைத்திருப்பது, ஓர் அடிகூட விழாத நிலையிலும் குற்றமாகலாம் என்று 2015-இல் சட்டம் இயற்றினார்கள். உங்கள் மகன் அந்த அளவுக்குப் போய்விட்டார் என்று நான் சொல்லவில்லை. அவர் நடக்கும் திசை அது. பத்தொன்பது வயதில் இந்தப் பேச்சு காதில் ஏறும், முப்பத்தைந்தில் ஏறுவது அரிது. "இருபதாவது முறை ஃபோன் அடிக்கும்போது அந்தப் பெண்ணுக்கு என்ன தோன்றும் என்று நினைக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லும்வரை நீங்கள் பேசாதிருங்கள். தந்தை இதைப் பேசினால் இன்னும் நன்று, ஆனால் உங்கள் ஃபோனை உங்கள் கணவர் எடுத்துப் பார்க்கும் வழக்கம் வீட்டில் இருந்தால் பேச்சை முதலில் அங்கிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அந்தப் பெண்ணை நீங்களாக அழைத்து எச்சரிக்க முற்படாதீர்கள், உங்கள் மகன் அதை அவள் கோள் சொன்னதாகவே எடுத்துக்கொள்வார்.

கேள்வி: நீங்கள் சொல்வதுபோல நான் என் சக ஊழியரிடம் பக்குவமாகப் பேசிவிட்டேன். அவர் அன்றிலிருந்து என்னுடன் பேசுவதே இல்லை. நான் செய்தது தவறா?

பதில்: தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அவர் பேசாமல் இருப்பதைப் பற்றி எழுதிய நீங்கள், அவருடைய மனைவி எப்படி இருக்கிறார் என்று எழுதவில்லை. நீங்கள் பேசிய நாளுக்குப் பிறகு அவரை யாராவது பார்த்தார்களா? வேலைக்கு வருகிறாரா, குழந்தை பள்ளிக்குப் போகிறதா என்று, கேட்பது தெரியாமல் கேட்டறிய உங்கள் வீட்டுப் பெண்களில் ஒருவரால் முடியுமா? அவருடைய மனைவியிடம் உங்கள் எண்ணோ உங்கள் வீட்டாரின் எண்ணோ இருக்கிறதா? இல்லையென்றால் அதை ஃபோனில் அனுப்பாமல், நேரில் வாய்மொழியாகச் சொல்லி, அவருக்கு மனப்பாடம் ஆகும்வரை இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.